தாத்தாவை நாலு அடி பின்னால் நடக்க விடுங்கள்

கேள்வி: நான் பர்மாவில் பெகுவில் இருக்கிறேன், வயது 67. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். என் தகப்பனார் 1942-ல் ஜப்பான் படை வந்தபோது ஏழு வயதுப் பையனாக ரங்கூனிலிருந்து வீட்டாரோடு இந்தியாவுக்கு நடந்து போய், சண்டை ஓய்ந்தபின் திரும்பி வந்தவர். அவர் சொன்னதை வைத்து ஒரு சிறுவர் நாவல் எழுதினேன். 62,000 சொல் வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். 'தகவல் நிறைய இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஒட்டாது' என்று ஒரே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பேரப்பிள்ளைகளோ நல்லா இருக்கு தாத்தா என்கிறார்கள். எங்கே தப்பு? சண்டை, சாவு எல்லாம் சிறுவர் நாவலில் வரக் கூடாதா? முதல் மூன்று அத்தியாயங்களை இத்துடன் வைத்திருக்கிறேன்.

பதில்:

ஐயா, வணக்கம். மூன்று அத்தியாயத்தையும் இரண்டு தடவை படித்தேன், ஒரு தடவை கரண்ட் இருந்தபோது, இன்னொரு தடவை மெழுகுவத்தி வைத்துக்கொண்டு. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பேரப்பிள்ளைகள் சொன்னதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தாத்தா ராத்திரி எல்லாம் உட்கார்ந்து எழுதியதை 'நல்லா இல்லை' என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? நான் எடிட்டராக இருக்கிற இத்தனை வருஷத்தில், வீட்டுப் பிள்ளைகளுக்குப் பிடிக்காத கைப்பிரதி என்று ஒன்று கூட என் மேஜைக்கு வந்ததில்லை.

அதனால் யார் எழுதியது என்று சொல்லாமல் எங்கள் கோயில் வகுப்பில் ஒன்பது பிள்ளைகளுக்கு முதல் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்துக்காட்டினேன். எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதே இல்லை, கேட்டால் பொய்தான் வரும். கையில் ஒரு பென்சில் வைத்துக்கொண்டு, எந்த வரியில் கண் வேறு பக்கம் போகிறதோ அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டே போவேன், அவ்வளவுதான். 'ஐராவதி பாய்ந்து வளம் கொழிக்கும் பர்மா திருநாட்டின் தலைநகராம் ரங்கூனில்' என்று தொடங்கினேன், இரண்டு கோடு. 1931 கணக்கெடுப்பில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள் என்ற பத்தி வந்தது, ஒரு பெண் கன்னத்தில் காய்ந்த தனக்கா மரப்பட்டைச் சாந்தை நகத்தால் சுரண்டி மடியில் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். செட்டியார்களின் வட்டிக்கடை, நெல் ஏற்றுமதி, துறைமுகக் கூலி... ஒரு பையன் விசிறிக்குப் பக்கத்தில் இருந்த பல்லியோடு போய்விட்டான். நான்காம் பக்கத்தில்தான் அந்த வரி இருக்கிறது: '1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் வந்தபோது மக்கள் வேடிக்கை பார்க்க வீதிக்கு வந்து நின்றதால் உயிர்ச்சேதம் மிகுந்தது.' ஒன்பது தலையும் திரும்பியது ஐயா. ஓடி ஒளியாமல் எல்லாரும் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்களா? பல்லிக்காரப் பையன் கேட்டான், "அந்தக் கந்தன் பார்த்தானா டீச்சர்?"

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். உங்கள் கதாநாயகன் கந்தன் வீட்டுக்குள் பாட்டி மடியில் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

உங்கள் நாவலில் இருக்கிற தப்பு மொத்தமும் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறதுதான். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மூன்று அத்தியாயத்திலும் கந்தன் என்ன செய்கிறான் என்று வினைச்சொல்லை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதினேன்: தூங்கினான், அழுதான், கேட்டான், பார்த்தான், பயந்தான், தண்ணீர் வேண்டும் என்றான், மறுபடி தூங்கினான். எப்போது கிளம்புவது என்று மாமா முடிவு செய்கிறார். எதை விற்பது என்று பாட்டி. எந்த வழி என்று தாத்தா. மூன்றாம் அத்தியாயம் முழுக்கக் கந்தன் மாமாவின் தோளில் உட்கார்ந்திருக்கிறான்! நிஜத்தில் உங்கள் தகப்பனார் அப்படித்தான் போயிருப்பார், ஏழு வயதுப் பிள்ளையை யாரும் நடக்கவிட மாட்டார்கள். ஆனால் நாவலில் தோளில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையோடு படிக்கிற பிள்ளையும் சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஒரு தப்பு செய்ய, ஒரு பொய் சொல்ல, ஒரு முடிவெடுக்க அவனுக்கு இடமே இல்லை. உங்கள் கதையில் கஷ்டம் எல்லாம் பெரியவர்களுக்கு, பிள்ளை சாட்சி மட்டும். அது பெரியவர்கள் படிக்கிற நாவலுக்கு ஆகும்.

கந்தனுக்குப் பதினொரு வயது ஆக்குங்கள். பிள்ளைகள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்த பிள்ளையைப் பற்றிப் படிக்கத்தான் ஆசைப்படுவார்கள், ஒன்பது பத்து வயதுக்காரன் ஏழு வயதுப் பையனைத் தம்பி மாதிரிதான் பார்ப்பான். அந்த ஏழு வயதுப் பிள்ளையையும் விடவேண்டாம், கந்தனுக்குத் தம்பியாக வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் தகப்பனார் சொன்னதெல்லாம் அவனுக்கு நடக்கட்டும். தம்பியைக் கவனிக்கிற பொறுப்பு ஒன்று வந்தாலே கந்தனுக்குப் பாதி கதை வந்துவிடும்.

அப்புறம் அந்தப் புறப்பாட்டுக் காட்சி. இப்போது இப்படி இருக்கிறது: 'கனத்த இதயத்துடன் அக்குடும்பம் தன் உடைமைகளைத் துறந்து புறப்பட்டது.' சரி, எந்த உடைமை? கனத்தது இதயமா, அரிசி மூட்டையா? இதே இடத்தைக் கந்தன் உயரத்தில் நின்று பார்த்தால் எப்படி வரும் என்று நான் ஒரு துண்டு எழுதிப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்:

'ஆளுக்கு ஒரு மூட்டை, அதற்கு மேல் ஒரு குண்டுமணி கூடாது என்று தாத்தா சொல்லிவிட்டார். கந்தனின் மூட்டையைப் பாட்டி இரண்டு தடவை அவிழ்த்துப் பார்த்தாள். அரிசிப் பானையை மட்டும் யாரும் அவிழ்த்துப் பார்க்கவில்லை. பிரம்புப் பந்தை அதற்குள் அமுக்கினான், மூடி மூடவில்லை. இரண்டு கை அரிசியை அள்ளி அடுப்புக்குப் பின்னால் போட்டான். இப்போது மூடியது. தூக்கி ஆட்டிப் பார்த்தான். பந்தின் பொத்தல் வழியே அரிசி உள்ளே இறங்கி, மழை தூறுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பாட்டிக்குக் காது மந்தம்தான். தாத்தாவுக்கு?'

பெரிய எழுத்து ஒன்றும் இல்லை இது, ஆனாலும் இங்கே பையன் ஒரு காரியம் செய்துவிட்டான், தெரிந்தே செய்துவிட்டான். இனி ஒவ்வொரு முறை பானை இறங்கும்போதும் படிக்கிற பிள்ளைக்குப் பகீர் என்னும். இருபது நாள் கழித்துக் காட்டில் அரிசி தீரும்போது அந்த இரண்டு கை அரிசி திரும்ப வரும், அதை நீங்கள் சொல்லவே வேண்டாம், பிள்ளையே கணக்குப் போட்டுவிடும். பந்தே அவனுடையது இல்லை, பக்கத்து வீட்டு பர்மியப் பையனிடம் சின்லோன் என்கிற காலால் தட்டும் பந்தாட்டம் விளையாட இரவல் வாங்கியது என்று வைத்தால், உங்கள் தகப்பனார் சண்டைக்கு அப்புறம் ஏன் திரும்பி வந்தார் என்பதற்கும் பிள்ளைக்குப் புரிகிற ஒரு காரணம் கிடைத்துவிடும். இது என் கற்பனை. உங்கள் வீட்டில் இதைவிட நல்ல பொருள் ஒன்று இருந்திருக்கும், அப்பா எதைக் கொண்டுபோனார், எதை விட்டுவிட்டுப் போனார் என்று யோசித்துப் பாருங்கள்.

தாத்தாவைக் கொன்றுவிடாதீர்கள். சிறுவர் நாவல் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு சுலப வழி, பெரியவர்களை முதல் அத்தியாயத்திலேயே மேலே அனுப்பிவிட்டுப் பிள்ளையை அநாதையாக்கி நடக்கவிடுவது. வேண்டாம், அவர் நாலு அடி பின்னால் வந்தால் போதும். அந்த வழியில் பெரியவர்களுக்குக் காய்ச்சல் வந்தது, கூட்டத்தில் பிரிந்தார்கள், தண்ணீருக்குப் போனவர் சாயங்காலம் வரை வரவில்லை. அந்த அரை நாளுக்குக் கந்தன்தான் பொறுப்பு, அது ஒரு அத்தியாயம். இன்னொன்று, உங்கள் கதையில் வரும் தாத்தாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. 1942-ல் யாருக்கு என்ன தெரிந்தது? ரங்கூனிலிருந்து வரும் ரயில் பாதை முடிகிற புரோமில் நின்றுகொண்டு, மேற்கே அரக்கான் மலையைத் தாண்டித் தவுங்கூப் போய்க் கடலைப் பிடிப்பதா, வடக்கே மந்தலே போய்க் காலேவா, தமு வழியாக மணிப்பூருக்கு நடப்பதா என்று எத்தனை குடும்பம் அடித்துக்கொண்டிருக்கும். எங்கும் காலரா, இரண்டில் எது பிழைக்கிற வழி என்று யாரும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. தாத்தா ஒரு தடவையாவது தப்பாக முடிவெடுக்கட்டும், அதைப் பேரன் பார்க்கட்டும்.

தகவலைப் பற்றிக் கேட்பீர்கள். இவ்வளவு சேகரித்திருக்கிறேனே, தூக்கி எறியவா என்று. எறியவேண்டாம், யாருக்காவது தேவைப்படும் நேரம் வரை பூட்டி வையுங்கள். எங்கள் வகுப்பில் ஒரு பெண் "ஏன் ரயிலில் போகவில்லை?" என்று கேட்டாள். பாருங்கள், ரங்கூனிலிருந்து புரோமுக்கு 1877-லேயே ரயில் வந்துவிட்டது என்று நீங்கள் முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறீர்கள், நான் வாசித்தபோது அவளும் அங்கேதான் இருந்தாள், அப்போது அது காதில் ஏறவில்லை. அதே செய்தியை, புரோமில் ரயிலை விட்டு இறங்கியதும் தம்பி "அடுத்த வண்டி எப்போ?" என்று கேட்கிற இடத்தில் வையுங்கள், எந்தப் பிள்ளையும் மறக்காது. மழையும் அப்படித்தான். மே மாதம் மழை இறங்கினால் மணிப்பூர் மலைப்பாதை சேறாகி ஆள் நகர முடியாது, இதை ஏழாம் பக்கத்தில் தட்பவெப்பம் என்று ஒரு பத்தியாக எழுதியிருக்கிறீர்கள். அய்யோ, இது உங்கள் நாவலின் கடிகாரம்! மார்ச்சில் ரங்கூன் விழுந்தது, மேயில் மழை, நடுவில் இவர்கள் நடக்கிறார்கள். கந்தன் ஒவ்வொரு ராத்திரியும் மேகத்தைப் பார்த்துவிட்டுப் படுத்தால் போதும். ஐந்து லட்சம் பேர் அளவுக்குக் கிளம்பிப் போனார்கள் என்ற எண் கந்தனுக்குத் தெரிய வழியே இல்லை, அவனுக்குத் தெரிந்தது முன்னால் போகிறவரின் குதிகால்தான். முன்பக்கத்தில் ஒரு வரைபடம் கொடுங்கள், பிள்ளைகள் விரல் வைத்துக்கொண்டே வருவார்கள்.

சாவு வரலாமா என்றால், வரலாம், அந்த வழியைச் சாவு இல்லாமல் எழுதினால் அது பொய். ஆனால் நீங்கள் பாதையோரத்தில் நூறு பிணத்தைக் கிடத்தியிருக்கிறீர்கள், ஒருவருக்கும் பெயர் இல்லை. நூறு வேண்டாம், ஒருவர் போதும், பிள்ளைக்குத் தெரிந்த ஒருவர், நாலு அத்தியாயம் கூடவே வந்து கந்தனுக்குப் புளியங்கொட்டையில் ஏதோ விளையாட்டு சொல்லிக்கொடுத்த ஒருவர். ஈ மொய்ப்பதையும் வாடையையும் விவரிக்காதீர்கள், 'நிரந்தரமாகத் தூங்கிவிட்டார்' என்று பூசி மெழுகவும் செய்யாதீர்கள், எட்டு வயதுப் பிள்ளைக்கு அப்புறம் ராத்திரி தூங்கவே பயமாகிவிடும். செத்துப்போனார் என்றே எழுதுங்கள். எழுதிவிட்டு உடனே கந்தனுக்கு ஒரு வேலை கொடுங்கள், போர்வையை மடிப்பது, தம்பிக்குத் தண்ணீர் கொடுப்பது. பிள்ளைகள் துக்கத்தில் கேட்பது நாம் கேட்பது மாதிரி இருக்காது. "அவரோட மூட்டையை யார் தூக்கிக்கிட்டு வந்தாங்க?" என்றுதான் கேட்பார்கள், அதற்குப் பதில் வைத்திருங்கள்.

பர்மியர்கள் இரண்டே பேர் வருகிறார்கள், ஒருவன் வழிப்பறிக் கொள்ளைக்காரன், இன்னொருத்தி கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் பாட்டி. இதைப் படிக்கப்போகிற நம் பிள்ளை யாரோடு பள்ளிக்கூடம் போகிறது? வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் பர்மியப் பெயர் ஒன்று என்று இரண்டையும் தோளில் போட்டுக்கொண்டு திரிகிற பிள்ளை அது. கெட்டவன், தெய்வம் இரண்டுக்கும் நடுவில் ஒரு பையன் வேண்டும், பர்மியர்களுக்குப் பிறந்த கிழமைக்கு ஒரு மிருகம் உண்டே, புதன்கிழமை மத்தியானத்துக்கு மேல் பிறந்ததால் உன் மிருகம் கொம்பில்லாத யானை என்று எல்லாரும் கேலி செய்ய, அதற்காகவே சின்லோனில் அசத்திக் காட்டத் துடிக்கிற ஒருவன். அப்படி ஒருவன் இருந்தால், இந்தியர் என்று நம்மை இழிவாக அழைக்கிற அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்தே ஒரு கோபத்தில் வரவைக்கலாம், அது குத்தும். முகம் தெரியாத கொள்ளைக்காரன் சொன்னால் யாருக்கும் குத்தாது.

பாஷைக்கு வருகிறேன். பாட்டி பேசுகிறாள்: 'பேரனே அஞ்சாதே, இன்னல்கள் நிலையானவை அல்ல.' குண்டு விழுகிற நேரத்தில் எந்தப் பாட்டி ஐயா இப்படிப் பேசினாள்? "வாடா இங்க, தலைய உள்ள இழு" என்றிருப்பாள். கதை சொல்கிற இடத்தில் எளிய எழுத்துத் தமிழும் பேசுகிற இடத்தில் பேச்சுத் தமிழுமாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் கலக்காமல் இருந்தால் பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது. நம் பிள்ளைகள் வாரம் முழுக்க பர்மிய எழுத்து படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தமிழ் எழுத்தைப் பார்க்கிறவர்கள். 'கண்ணுக்கெட்டியதூரம்வரையிலும்' என்று சேர்த்து எழுதினால் நடுவழியில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறார்கள், நானே பார்த்தேன். பிரித்து எழுதுங்கள், இலக்கணப் புலவர்கள் திட்டினால் என் பெயரைச் சொல்லுங்கள்.

பர்மியச் சொல்லுக்கெல்லாம் நட்சத்திரம் போட்டு அடிக்குறிப்பு வைத்திருக்கிறீர்கள், மூன்று அத்தியாயத்தில் 41 நட்சத்திரம், வானம் தோற்றது. ரங்கூன் பிள்ளைக்கு அது தேவையில்லை. மதுரைப் பிள்ளைக்கு, 'மொய்ங்கா ஆறினால் மீன் வாடை தூக்கும் என்று கந்தன் கிண்ணத்தைச் சூட்டோடு வாயில் வைத்து உறிஞ்சினான்' என்று எழுதினால் சூடானது, மீன் போட்டது, கிண்ணத்தில் குடிப்பது எல்லாம் வந்துவிட்டதே.

கந்தன், கண்ணன், கண்ணம்மா, கருப்பையா மாமா. நாலு பேருக்கும் க. இரண்டு பேரையாவது மாற்றுங்கள், எனக்கே யார் தோளில் யார் இருந்தது என்று திரும்பிப் பார்க்கவேண்டி வந்தது.

ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசிப் பத்தியையும் அடித்துவிடுங்கள். படிக்காமலேயே அடிக்கலாம், மூன்றிலும் தாத்தா நிறுத்தி நிதானமாக ஒற்றுமை, பொறுமை, தாய்மொழிப் பற்று என்று பாடம் நடத்துகிறார். நாம் எல்லாரும் 'இக்கதையால் அறியும் நீதி' படித்து வளர்ந்தவர்கள், கை தானாக அங்கே போகும், தெரியும். முதல் அத்தியாயத்தின் கடைசிப் பத்தியை வாசித்து முடித்ததும் தனக்கா சுரண்டிய பெண் கேட்ட ஒரே கேள்வி, "இதுல பரீட்சை இருக்கா டீச்சர்?"

இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். ரொம்ப வருஷம் முன்னால் திஞ்சான் என்கிற பர்மியப் புத்தாண்டுப் பண்டிகையை வைத்து ஒரு கதை எழுதினேன். தேவர்களின் ராஜா தஜாமின் வானத்திலிருந்து இறங்கி வந்து நல்ல பிள்ளைகளின் பெயரைப் பொன் ஏட்டிலும் சேட்டைக்காரர்களின் பெயரை நாய்த்தோல் ஏட்டிலும் எழுதிக்கொண்டு போவார் அல்லவா, அதுதான் கரு. என் கதாநாயகி அம்மா சொல் தட்டாதவள், முதல் பக்கத்திலேயே பொன் ஏட்டில் ஏறிவிட்டாள், மிச்சம் முப்பது பக்கத்துக்கு அவளுக்கும் வேலை இல்லை, தஜாமினுக்கும் வேலை இல்லை. ஒரு பையன் கேட்டுவிட்டுச் சொன்னான், "அவ பேரு நாய்த்தோல்ல இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்." அதை வைத்துத்தான் திரும்ப எழுதினேன். உங்கள் கந்தனும் இப்போது ரொம்ப நல்ல பையன் ஐயா.

62,000 சொல் அதிகம். ஆங்கிலத்தில் இந்த வயதுக்கு முப்பது, நாற்பதாயிரம் எழுதுகிறார்களே என்பீர்கள். அங்கே நாலைந்து சொல்லாகச் சொல்வதை நாம் 'நடந்துகொண்டிருந்தவர்களோடு' என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். இருபதாயிரம் வைத்துக்கொள்ளுங்கள், அத்தியாயம் ஆயிரம் சொல்லுக்குள், ஒருவர் பத்து நிமிஷத்தில் வாய்விட்டுப் படித்து முடிக்கிற மாதிரி. வெட்டுவது கஷ்டமாக இருக்காது, தாத்தாவின் உபதேசமும் முதல் அத்தியாயத்தின் சரித்திரமும் போனாலே பாதி இறங்கிவிடும். படம் வரைகிறவருக்கும் கொஞ்சம் இடம் விடுங்கள், சட்டையின் பொத்தான் வரை நீங்களே சொல்லவேண்டாம்.

முழு நாவலையும் இப்போதே தூக்கிப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அந்தப் பயத்திலேயே பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். இரண்டே இரண்டு காட்சி எழுதுங்கள், தெருவில் நின்று கந்தன் விமானத்தை அண்ணாந்து பார்ப்பது, அப்புறம் புறப்படுகிற ராத்திரி. பந்துக்குப் பதில் வேறு எதுவாக இருந்தாலும் சரி. எழுதியதும் உங்கள் மண்டபத்துப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டுங்கள், பேரப்பிள்ளைகளை அன்றைக்கு வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், பென்சிலை மறக்காதீர்கள். அப்புறம் எனக்கு அனுப்புங்கள், கொஞ்சம் சீக்கிரம். போன ஞாயிற்றுக்கிழமை வாய் தவறி பானைக்குள் பந்து இருக்கிறது என்று வகுப்பில் உளறிவிட்டேன், தாத்தாவுக்குச் சத்தம் கேட்டதா இல்லையா என்று ஒன்பது பேரும் என்னைப் பிடுங்குகிறார்கள்.